பின்வளவுப் பள்ளமும் ஒரு மொட்டைப் பெட்டிசமும்

1

பக்கத்து வீட்டுக்காரர் காரணமில்லாமல் சிரித்தால் நான் போய் என் வேலியை அளந்து பார்ப்பேன். இது வியாதியல்ல, வளர்ப்பு. யாழ்ப்பாணத்தில் பதினான்கு வருடம் வேலி வழக்கு நடந்த வீட்டில் பிறந்தவன் நான். போதாக்குறைக்கு இங்கே எனக்கு வாய்த்த உத்தியோகமும் அதுதான். கப்பலில் வந்திறங்குகிற கொள்கலன்களைத் திறந்து, எறும்பு, வண்டு, நத்தை, ஒட்டிய சேறு ஏதாவது களவாக வந்திருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்க்கவேண்டும். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் தருகிற நாடு நியூசிலாந்து. ஊரில் இதை நாங்கள் சும்மாதானே செய்துகொண்டிருந்தோம்.

போன ஓகஸ்டில் நாங்கள் ஓக்லாந்துக்கு வந்து இருபத்தாறு வருடம் நிறைந்தது. வருடா வருடம் அந்த நாளில் என் மனைவி சாந்தி பாயசம் காய்ச்சுவாள். அதைக் குடித்துக்கொண்டே, வந்திறங்கிய அன்று எங்கள் பெட்டியைத் திறந்து கருவாட்டைத் தூக்கிக் குப்பையில் போட்ட அதிகாரியை இரண்டு பேருமாகத் திட்டுவோம். இன்றைக்கு நானும் கிட்டத்தட்ட அந்த அதிகாரிதான் என்பது வேறு கதை. இந்த முறை பாயசம் அடுப்பில் இருக்கும்போதே தபால்பெட்டியில் ஒரு கடிதம் கிடந்தது. கவுன்சிலிலிருந்து வந்திருந்தது.

பின்வளவில் நான் கட்ட உத்தேசித்திருக்கும் சிறிய வீடு தொடர்பாக என்று தொடங்கியிருந்தார்கள். பொதுமகன் ஒருவர் தந்த தகவலின்படி, அந்த இடத்தில் ஐரோப்பியர் வருவதற்கு முற்பட்ட காலத்து மண்வேலைப்பாடு ஒன்றின் எச்சம் இருக்கக்கூடுமாம். தொல்லியலாளர் ஒருவர் வந்து பார்க்கும்வரை நிலத்தில் கைவைக்க வேண்டாமாம்.

பொதுமகன் ஒருவர். என் கண் அந்த இரண்டு சொல்லில்தான் நின்றது. மண்வேலைப்பாடு, ஐரோப்பியர், முற்பட்ட காலம் எல்லாம் பிறகு. யார் அந்தப் பொதுமகன்?

"மொட்டைப் பெட்டிசம் அடிச்சிட்டாங்கள் சாந்தி," என்றேன்.

மொட்டைப் பெட்டிசம் என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கீழே பெயர் போடாமல், கையெழுத்தை இடக்கையால் மாற்றி, ஒருவரைப் பற்றி மேலிடத்துக்கு எழுதிப்போடுகிற முறைப்பாடு. எங்கள் பகுதியில் உத்தியோகம் பார்த்த அத்தனை பேர்மீதும் ஒன்றாவது போயிருக்கும். போகாவிட்டால் அந்த ஆளை ஊர் மதிக்கவில்லை என்று அர்த்தம்.

"பாயசம் ஆறுது, குடியுங்கோ," என்றாள் சாந்தி.

2

பள்ளத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் வீடு பக்குரங்காவில், உப்பாற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நிலநாக்கின் கழுத்தில் இருக்கிறது. பின்வேலிக்கு அப்பால் பொதுப் புல்வெளி, அதற்கப்பால் செங்குத்துக் கரை, கீழே சேறும் கண்டல் மரங்களும். லின்ஃபீல்டில் வருடக்கணக்காக வாடகைக்கு இருந்துவிட்டு, பதினொரு வருடத்துக்கு முதல் இதை வாங்கினோம். வாங்கும்போதே பின்வளவில் குறுக்காக ஒரு பள்ளம் ஓடியதைக் கண்டேன். முழங்கால் ஆழம், ஒரு பஸ் அகலம். அதன் கடற்கரைப் பக்கமாக ஒரு தாழ்ந்த மண்மேடு. புல்வெட்டும் இயந்திரம் அந்த இடத்தில் சரியும். குளிர்காலத்தில் தண்ணீர் நிற்கும், நீலநிறத்தில் கோழி மாதிரி ஒரு பறவை வந்து மேயும். பழைய வடிகால் என்று நினைத்தேன். அதற்குமேல் யோசிக்கவில்லை. வாழ்க்கையில் நான் சந்தேகப்படாமல் விட்ட ஒரே விஷயம் அதுதான்.

சின்ன வீடு யாருக்கு என்று கேட்பீர்கள். என் ஒரே மகள் மதுராவுக்கு. இருபத்தைந்து வயது, இங்கேயே பிறந்தவள், கண் பரிசோதிக்கிற வேலை. டானியல் என்ற வெள்ளைக்காரப் பொடியனோடு ஓக்லாந்தின் மேற்குக் கோடியில், மாசி என்ற இடத்தில் வாடகை வீட்டில் இருக்கிறாள். பிழையான நேரத்தில் வெளிக்கிட்டால் மாசியிலிருந்து எங்களிடம் வர ஒரு மணித்தியாலம் மோட்டர்வேயில் நிற்கவேண்டும். அதைப் பொறுக்கலாம். டானியலின் அக்கா அவுஸ்திரேலியாவில், பேர்த்தில் இருக்கிறாள். போன டிசம்பரில் நத்தாருக்கு இருவரும் அங்கே போய் வந்தார்கள். வந்ததும் சாப்பாட்டு மேசையில் பேர்த் என்ற சொல் மூன்று தரம் விழுந்தது. பேர்த்தில் வெயில், பேர்த்தில் வீடு, பேர்த்தில் கண் பரிசோதகர்களுக்கு ஆள் பற்றாக்குறை. கொள்கலனின் மூலையில் ஒரு எறும்பு ஓடினாலே கண்டுபிடிக்கிறவனுக்கு இது தெரியாமல் போகுமா?

உடனே வீட்டுப் படம் கீறுகிற ஆளைப் பிடித்தேன். இரண்டு அறை, ஒரு குசினி, தனி வாசல். வாடகை வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும். ஒரு சனிக்கிழமை நானே தடி அடித்து, பிங்க் ரிப்பன் கட்டி, வீடு வரப்போகும் இடத்தைக் குறித்தேன். மறுநாள் மதுரா மதியச் சாப்பாட்டுக்கு வந்தாள். படத்தை விரித்துக் காட்டினேன்.

"நைஸ், அப்பா," என்றாள்.

அவள் எங்களுடன் ஆங்கிலத்தில்தான் கதைப்பாள். தமிழ் விளங்கும், அப்பா என்பதும் வேண்டாம் என்பதும் நன்றாக வரும். அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. நைஸ் என்றாள். நான் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டேன்.

3

பதினான்கு வருட வழக்கைப் பற்றியும் கொஞ்சம் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. எங்கள் பக்கத்து வளவு பெரியப்பாவுடையது, அப்பாவின் சொந்தத் தமையன். நடுவில் கதியால் வேலி. உயிருள்ள தடிகளை வரிசையாக நட்டு ஓலை வைத்துக் கட்டுவது. வருடா வருடம் வேலி அடைக்கும்போது உக்கிய கதியாலைப் பிடுங்கிவிட்டுப் புதிது நடவேண்டும். அங்கேதான் விளையாட்டு. பழைய குழியில் நடாமல் ஒரு சாண் தள்ளி நட்டால் யாருக்குத் தெரியும்? பத்து வருடத்தில் ஒரு தென்னம்பிள்ளை உங்கள் வளவிலிருந்து மற்றவன் வளவுக்கு நடந்து போய்விடும். அப்பா நூல் கட்டி அளந்தார். பெரியப்பாவும் நூல் கட்டி அளந்தார். இருவருடைய நூலும் ஒத்துவரவில்லை. கோட்டில் வழக்குப் போட்டார்கள்.

வேலிக்குக் கீழே ஒரு சின்ன வாய்க்கால் இருந்தது. அதை வெட்டியது யார் என்பதில் வழக்கு இரண்டு வருடம் நின்றது. அப்பா சாட்சிக் கூட்டில் ஏறிச் சொன்னார்: "ஐயா, கிடங்கு வெட்டுறவன் மண்ணைத் தன்ரை பக்கம்தான் போடுவான். மற்றவன்ரை காணியிலை போட்டா அவன் அதை அள்ளிக்கொண்டு போயிடுவான்." மண் எங்கள் பக்கம் கிடந்தது. ஆகவே வாய்க்கால் எங்களுடையது. நீதவானே தலையாட்டினாராம். அந்தப் பெருமையில் அப்பா ஒரு கிழமை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

தீர்ப்பு வருமுன் யுத்தம் வந்து எல்லோரும் இடம்பெயர்ந்தோம். திரும்பிப் போனபோது வேலி இல்லை, பெரியப்பாவும் இல்லை. எங்கள் ஒழுங்கைக்குக் குறுக்கே ஆளுயரத்தில் ஒரு மண் அணை மட்டும் நின்றது. அதை யார் போட்டது, யாரை மறிக்கப் போட்டது என்று கேட்கிற காலமல்ல அது. அப்பா இரண்டு வளவையும் ஒன்றாகப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அண்ணனோடு கதைத்திருக்கலாம் என்று ஒரு சொல் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

4

பெட்டிசத்துக்கு வருவோம். எனக்கு ஆளைக் கண்டுபிடிக்க அரை மணித்தியாலம் பிடித்தது. பக்கத்து வீட்டுக் குமரேசன்.

குமரேசன் திண்டுக்கல் பக்கத்து ஆள், கம்ப்யூட்டர் வேலை, என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னைக் கண்டால் "என்னண்ணே, சாப்டாச்சா?" என்பார். காலை ஏழு மணிக்கும் அதே கேள்விதான். நாலு வருடமாக இந்த மனிதர் என்னிடம் எதற்காக இவ்வளவு அன்பாக இருக்கிறார் என்று எனக்குப் பிடிபடவேயில்லை. இப்போது பிடிபட்டது. பள்ளம் என் வளவோடு நிற்கவில்லை, பக்கவேலிக்குக் கீழாக அவருடைய வளவுக்குள்ளும் போயிற்று. இரண்டு கோடைக்கு முதல் லொறியில் மண் கொண்டுவந்து அவர் தன் பங்கை நிரப்பி, மட்டமாக்கி, புல் போட்டுவிட்டார். கணக்குச் சரியாக வருகிறதா? தன்னுடையதை மூடிவிட்டு, யாராவது பார்க்க வருமுன் என்னுடையதைக் காட்டிக்கொடுத்திருக்கிறார். வேலிக்கு மேலாக வீடு எழும்பினால் அவருடைய வெயில் மறையும். காரணமும் இருந்தது, வசதியும் இருந்தது. பொலிசுக்கு வேறென்ன வேண்டும்?

"அந்தாள் அப்பிடிச் செய்யாதப்பா," என்றாள் சாந்தி.

"உனக்கென்னெண்டு தெரியும்?"

"தெரியும். விடுங்கோ."

நான் விடவில்லை. குமரேசனுக்குத் தலையாட்டுவதை நிறுத்தினேன். பொங்கல் முதல் இரவல் போயிருந்த ஏணியைத் திருப்பிக் கேட்டேன். அவர் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து தந்தார். கழுவியது எதற்கென்று வேறு யோசித்தேன்.

5

தொல்லியலாளர் என்றால் தாடி வைத்த ஒரு கிழவரை எதிர்பார்த்தேன். வந்தது முழங்கால் சப்பாத்துப் போட்ட ஒரு பெண். பெயர் அரோஹா, நாற்பது வயதிருக்கும். மாவோரி, இந்த நாட்டின் பூர்வகுடி. தாய்வழி ஆட்கள் இந்த உப்பாற்றங்கரைக்காரர்தான் என்றாள். தொல்லியல் படித்ததும் அவர்களுக்காகத்தானாம். ஆக, இவளும் ஒரு தரப்பு என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

அவள் முதலில் ஒரு பழைய வான்படத்தின் பிரதியை விரித்தாள். இந்த இடமெல்லாம் மாட்டுப்பண்ணையாக இருந்த காலத்தில் எடுத்தது. ஒரு வீடும் இல்லை. காலை வெயில் சாய்ந்து விழுந்திருந்தது. நிலநாக்கின் கழுத்தில், ஒரு கரையிலிருந்து மறு கரைவரை, ஒரே நேராக ஒரு நிழல்கோடு. விரலை வைத்து என் வளவு வரும் இடத்தைத் தேடினேன். பதினொரு வருடம் நான் புல்லு வெட்டிய பள்ளம் அந்தக் கோட்டின் ஒரு துண்டு.

"வாருங்கள், நடந்து பார்ப்போம்," என்றாள். இரண்டு பேரும் கோட்டின் வழியே நடந்தோம். என் வளவைத் தாண்டியதும் ரோட்டில் தார் அதை விழுங்கியிருந்தது. ரோட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு வீட்டுக்காரருடைய படலைக்குக் கீழே திரும்பவும் மெல்லச் சரிந்து, கடைசியில் கரையின் விளிம்பில் ஒரு பல் விழுந்த இடம் மாதிரித் திறந்திருந்தது. வளவுக்குள் நின்று பார்த்தால் ஒன்றுமேயில்லை. நடந்து முடித்தால் ஒரு ஊரே இரண்டாகப் பிரிந்து கிடந்தது தெரிந்தது. தோணியில் வருகிறவன் கீழே சேற்றில் இறங்குவான், நடந்து வருகிறவன் இந்தக் கழுத்தால்தான் வரவேண்டும், வந்தவன் இதைத் தாண்டாமல் உள்ளே போகமுடியாது என்றாள். சில நூறு வருடத்துக்கு முதல், இரும்பே இல்லாமல், மரத்தடியால் கிண்டி இதைச் செய்திருக்கிறார்கள்.

நான் என் அப்பாவின் வாதத்தை எடுத்துவிட்டேன். "மண் கடல் பக்கம் கிடக்குது. வெட்டினவன் தன்ரை பக்கம்தான் போடுவான். அப்ப உள்ளுக்கை இருந்தவைதான் வெட்டியிருக்கினம், வெளியிலை இருக்கிறவையை மறிக்க." ஆங்கிலத்தில்தான் சொன்னேன், ஆனால் சாட்சிக் கூட்டில் நிற்கிற தொனியில்.

அரோஹா சிரித்தாள். "நீங்கள் எங்கே தொல்லியல் படித்தீர்கள்?"

"கோட்டிலை, அப்பாவின்ரை வழக்கிலை," என்றேன்.

தாங்களும் முதலில் அதைத்தான் பார்ப்பது என்றாள். ஆனால் அவள் என்னைப்போல் அதோடு நிற்கவில்லை. பள்ளத்துக்குக் குறுக்காக ஒரு ஒடுங்கிய வெட்டுப் போட்டு, கரண்டியால் சுரண்டிச் சுரண்டி இரண்டு நாள் குந்தியிருந்தாள். மூன்றாம் நாள் கூப்பிட்டுக் காட்டினாள். மண் அடுக்கடுக்காக இருந்தது. முதல் வெட்டின மண் கடல் பக்கம்தான். அதற்குப் பிறகு பலமுறை தூர் வாரியிருக்கிறார்கள், அந்த மண் இரண்டு பக்கத்திலும் கிடந்தது, இரண்டு பக்கத்தாருமே வாரியிருக்கக்கூடுமாம். மேட்டில் காவல் வேலிக்கு மரம் நட்ட குழியும் அகப்படவில்லை. சண்டைக்கு வெட்டியதாக இருக்கலாம். இல்லாவிட்டால் வத்தாளங்கிழங்கு என்கிற சர்க்கரைவள்ளித் தோட்டத்தில் தண்ணீர் நில்லாமல் இருக்கவும், குளிர் தென்காற்றை மறிக்கவும், இது உங்கள் நிலம் இது எங்கள் நிலம் என்று சொல்லவும் வெட்டியதாக இருக்கலாம். சண்டை முடிந்தபிறகு தோட்ட எல்லையாக மாறியிருக்கவும் கூடும்.

"இதிலை எது சரி?"

"தெரியாது," என்றாள்.

எவ்வளவு சுலபமாகச் சொன்னாள்! இருபத்தாறு வருடத்தில் இந்த நாட்டில் ஒரு அதிகாரி என் முகத்தைப் பார்த்துத் தெரியாது என்று சொன்னது அதுதான் முதல் தரம். இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து ஒரு எல்லையைத் துப்புரவாக வைத்திருந்தார்கள் என்பதை நான் நம்பவில்லை. ஒருவன் வாரும்போது மற்றவன் மேட்டில் நின்று அளவு பார்த்துக்கொண்டு நின்றிருப்பான்.

அந்த நேரத்தில்தான் நான் ஒரு வேலை செய்தேன். அவள் பொருட்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, தற்செயலாகச் சொல்வதுபோல, "பக்கத்து வளவிலும் இது இருந்தது. அந்தாள் லொறியில் மண் கொண்டுவந்து மூடிப்போட்டார்," என்றேன்.

அரோஹா கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

6

இங்கே அரசாங்கத்திடமும் கவுன்சிலிடமும் யாரும் தகவல் கேட்கலாம். ஒரு படிவம் நிரப்பினால் போதும், அவர்கள் பதில் சொல்லியே ஆகவேண்டும். ஊரில் இப்படி ஒரு வசதி இருந்திருந்தால் அப்பா சாப்பாடு தண்ணியில்லாமல் படிவம் நிரப்பியே செத்திருப்பார். என்மீது வந்த முறைப்பாட்டின் பிரதியைக் கேட்டேன். சாந்தி தடுத்தாள். தேவையில்லாத வேலை என்றாள். தேவையில்லாத வேலை என்று யாராவது சொன்னால் எனக்கு அது கட்டாயம் தேவையாகிவிடும்.

பதில் வருமுன் குமரேசன் வந்தார். கையில் கவுன்சில் கடிதம். சிரிப்பு இல்லை. வாசலைத் தாண்டி உள்ளே வரவும் இல்லை.

"அண்ணே, நான் மண்ணு கொட்டினத அந்தத் தொல்லியல் அம்மாகிட்ட நீங்கதான் சொன்னீங்களா?"

"ஓம்," என்றேன். பொய் சொல்ல ஒன்றும் இல்லையே.

"எனக்கு அது என்னன்னே தெரியாதுண்ணே. பாப்பா தடுக்கி விழுந்துட்டான்னுதான் மூடினேன். அபராதம் வருமோ, வழக்கு வருமோன்னு ரெண்டு நாளா வீட்டுல யாருக்கும் சோறு எறங்கல. ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"நீங்கள் எனக்குப் பெட்டிசம் அடிக்கேக்கை என்னைக் கேட்டனீங்களோ?"

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். பெட்டிசம் என்ற சொல் அவருக்கு விளங்கியது. அவருடைய முகத்தில் கோபம் வந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "நானாண்ணே?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். நடிப்பு என்று சாந்தியிடம் சொன்னேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

அடுத்த கிழமை முறைப்பாட்டின் பிரதி வந்தது. பெயர், ஈமெயில் எல்லாவற்றையும் கறுப்பு மையால் மூடியிருந்தார்கள். எழுதியிருந்தது நாலே வரி, நல்ல ஆங்கிலம். கூடவே ஒரு புகைப்படம். என் பின்வளவு, பள்ளம், நான் அடித்த தடிகள், பிங்க் ரிப்பன். வேலை இடத்தில் பார்ப்பது போலவே மூலையிலிருந்து பார்க்கத் தொடங்கினேன். குமரேசன் வேலிக்கு மேலாக எடுத்திருந்தால் பள்ளம் நீளவாக்கில் தெரியவேண்டும். படத்தில் அது குறுக்காகத் தெரிந்தது. எடுத்த ஆள் என் வீட்டுப் பக்கம் நின்றிருக்கிறார். கீழே வலது மூலையில் மங்கலாக ஏதோ பச்சை. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். கறிவேப்பிலை.

ஓக்லாந்துக் குளிருக்குக் கறிவேப்பிலைக் கன்று வெளியே நின்றால் பட்டுப்போகும். மே முதல் செப்டெம்பர் வரை சாந்தி அந்தச் சாடியைக் குசினி யன்னலில் வைத்திருப்பாள். படம் எங்கள் குசினிக்குள் நின்று எடுத்தது. தடி அடித்தது சனிக்கிழமை. ஞாயிறு இரவு மழை பிடித்து, திங்கள் ரிப்பனெல்லாம் அறுந்துவிட்டது. படத்தில் ரிப்பன் புதிதாக இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் குசினியில் நின்றவர்கள் சாந்தி, மதுரா, இரண்டே பேர்.

7

சாந்தி கோப்பை கழுவிக்கொண்டு நின்றாள். படத்தை அவளுக்கு முன்னால் வைத்தேன்.

"நான் எடுக்கேல்லை," என்றாள், கேட்குமுன்னரே.

"அப்ப?"

அவள் தண்ணீர்க் குழாயைப் பூட்டினாள். "உங்களுக்கு விளங்கிட்டுது. பிறகேன் என்னைக் கேக்கிறியள்?"

"உனக்கு எப்ப தெரியும்?"

"கடிதம் வாறதுக்கு முதல் நாள் சொன்னவள். அழுதுகொண்டு சொன்னவள். இப்பிடிப் பள்ளங்களைப் பற்றிப் பள்ளிக்கூடத்திலை படிச்சவளாம். அவைக்குப் பேர்த்துக்குப் போக விருப்பமப்பா. உங்களிட்டை வேண்டாமெண்டு சொல்லத் தெரியேல்லை. நீங்கள் ஏன் எண்டு ஒண்டு கேட்டா, பின்னாலை பத்து வரும். சின்னனிலை இருந்து கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அந்தப் பிள்ளை களைச்சுப் போச்சுது."

"அதுக்குக் கவுன்சிலுக்கே எழுதுறது?"

"வேறை ஆருக்கு எழுதுறது? உங்களை மறிக்கக்கூடிய ஆள் இந்த வீட்டிலை ஆர் இருக்கினம்?"

நான் கதிரையில் இருந்துவிட்டேன். கோபம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. வெட்கம்தான் வந்தது, அதற்குப் பின்னால் நல்ல வலி. குமரேசனை நினைத்தேன். அன்று பின்னேரமே போய் அவர் வீட்டு மணியை அடித்தேன். "நான் நினைச்சது பிழை. நான் உங்களைச் சொன்னதும் பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றேன். அவர், அரோஹா வந்து பார்த்துவிட்டுப் போனதாகச் சொன்னார். தெரியாமல் செய்தது என்பதால் அபராதம் இல்லை, மேலே மண் கிடப்பது கீழே இருப்பதற்குப் பாதுகாப்புத்தான் என்றாளாம். "பரவால்லண்ணே," என்றார். சாப்பிட்டாச்சா என்று கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

"மதுராவிட்டைக் கேக்கப்போறியளோ?" என்றாள் சாந்தி.

"இல்லை," என்றேன்.

மூன்று கிழமை கேட்கவில்லை. துறைமுகத்தில் ஒவ்வொரு கொள்கலனாகத் திறக்கும்போது மனதுக்குள் கேள்விகளை அடுக்குவேன். எப்போது முடிவெடுத்தாய், டானியலின் எண்ணமா உன் எண்ணமா, நைஸ் என்றாயே, ஏன் நைஸ் என்றாய்? அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தாள், சாப்பிட்டாள், போனாள். மூன்று ஞாயிறும் நான் மோட்டர்வேயில் நெரிசலா என்று மட்டும் கேட்டேன். அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

8

கடைசிக் கடிதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அனுமதி! வீட்டை நாலு மீற்றர் முன்னுக்குத் தள்ளிக் கட்டலாமாம். பள்ளத்தையும் மேட்டையும் தொடக்கூடாது, தூண் இறக்கும்போது அரோஹா வந்து நிற்பாள், அவ்வளவுதான். படம் கீறிய ஆளிடம் ஒரு கோடு மாற்றினால் தை மாதம் தொடங்கிவிடலாம்.

என் பிள்ளை எனக்கும் தனக்கும் நடுவில் கொண்டுவந்து வைத்த மறிப்பை அதிகாரிகள் எடுத்துவிட்டார்கள். இனி அவள் வேறு ஏதாவது தேடவேண்டும், அல்லது எனக்காகப் பின்வளவில் குடியிருக்கவேண்டும். அந்தச் சின்ன வீட்டில், குசினி யன்னலுக்கு நேரே, நான் எத்தனை மணிக்கு லைட் போட்டாய் என்று கேட்கிற தூரத்தில் அவள் இருப்பதை நினைத்துப் பார்த்தேன். எனக்கு அது எவ்வளவு விருப்பம் என்று சொல்லி மாளாது. அதுதான் என்னைப் பயப்படுத்தியது.

ஞாயிறு மதுரா தனியாக வந்தாள். தேத்தண்ணியோடு பின்படியில் இருந்தோம். அரோஹா வெட்டிய இடத்தில் புல் திரும்ப முளைத்திருந்தது.

"கவுன்சில் விடேல்லை பிள்ளை," என்றேன். "வீடு கட்டேலாதாம். முடிஞ்சுது கதை."

வேலையிடத்தில் பொய் சொல்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அவர்கள் எங்கே பார்ப்பார்கள், கையை எங்கே வைப்பார்கள் என்று தெரியும். அதொன்றையும் செய்யாமல் சொன்னேன் என்றுதான் நினைத்தேன்.

அவள் தமிழில் கேட்டாள், "லெட்டர் எங்கை?"

"எங்கையோ வச்சிட்டன்."

"அப்பா, நீங்கள் ஒரு லெட்டரையும் எங்கையோ வைக்கிற ஆள் இல்லை."

நான் தேத்தண்ணியைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும், முகம் மழிக்கும்போது கண்ணாடியில் தினமும் பார்ப்பது.

"அவை விட்டிட்டினம், என்ன?" என்றாள். என் பதிலுக்கு நிற்கவில்லை. "நான்தான் அவைக்கு எழுதினது."

"தெரியும்."

"எப்ப தொடக்கம்?"

"மூண்டு கிழமை."

அதற்குமேல் அவளுடைய தமிழ் தாங்கவில்லை, ஆங்கிலத்துக்குத் தாவினாள். பதினாறு வயதில் பஸ் ஐந்து நிமிடம் பிந்தியதற்கு நான் கேட்ட கேள்விகளை எண்ணிச் சொன்னாள். டானியலை முதல் தரம் கூட்டிவந்த அன்று அவனிடம் கேட்டவற்றையும் விடவில்லை. உலகத்தில் எல்லோரிடமும் எல்லாவற்றையும் கேட்கிறீர்களே, இதை மட்டும் ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றாள்.

"கேட்டா நீ உண்மையைச் சொல்லிப்போடுவாய் எண்டு பயமா இருந்தது பிள்ளை," என்றேன்.

அவள் என் கையிலிருந்த கோப்பையை வாங்கிப் படியில் வைத்தாள். பிறகு உண்மையைச் சொன்னாள்.